மேடேக் ஹெலிக்கல் டிரைவ் டாப் லோடர்: பிரித்து, சரி செய்து, மறுபடி துவைக்க விட்ட பிறகு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொட்டி துருப்பிடித்து ஓட்டையாகாமல், அடியில் டிரான்ஸ்மிஷன் (பல்சக்கரப் பெட்டி) ஆயில் ஒழுகாமல் ஒரு பழைய மேடேக் வாஷிங் மெஷின் உங்கள் கைக்குக் கிடைத்தால், பெயின்ட் உரிந்திருக்கிறது, மூடி மஞ்சளடித்துப் போயிருக்கிறது என்றெல்லாம் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர் பிடித்துப் பழகியவர்கள் வீட்டிலேயே அதைச் சரி செய்துவிடலாம், சரி செய்தபின் அது உண்மையிலேயே நன்றாகத் துவைக்கும். தண்ணீர் மட்டும் நிறையக் குடிக்கும், அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

நான் சொல்வது மேடேக்கின் ஹெலிக்கல் டிரைவ் (சுருள் சரிவு இயக்கம்) வகை டாப் லோடர், அதாவது மேல்மூடியைத் திறந்து துணி போடும் மெஷின். 1950களின் நடுவில் வந்து, டயல், மூடி, நிறம் என்று மேல்தோற்றம் மட்டும் மாறி மாறி, உள்ளே அடிப்படை அமைப்பு மாறாமல் 2006 வரை ஓடிய மெஷின். கம்பெனி 1893-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நியூட்டன் என்ற ஊரில் விவசாயக் கருவிகள் செய்யத் தொடங்கி, 1907-ல் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு வந்தது. மெஷின் ரிப்பேரே ஆகாததால் வேலையில்லாமல் தனியாக உட்கார்ந்திருக்கும் மெக்கானிக் விளம்பரம் 1967-ல் வந்ததே, அது இந்த மெஷின்களை வைத்துத்தான். 2006-ல் வேர்ல்பூல் என்ற நிறுவனம் மேடேக்கை வாங்கிக்கொண்டது, அடுத்த வருடமே நியூட்டன் தொழிற்சாலை மூடப்பட்டது. இன்றும் மேடேக் பெயரில் மெஷின் விற்கிறது, ஆனால் அதற்கும் நான் இங்கே சொல்லும் மெஷினுக்கும் உள்ளே எந்த ஒற்றுமையும் கிடையாது. பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். என்னிடம் இருப்பது 1970களின் வகை.

இதை ஏன் இவ்வளவு உயர்த்திப் பேசுகிறேன் என்றால், உள்ளே இருக்கும் அந்த ஒரு யோசனைக்காக. வாஷிங் மெஷினுக்கு இரண்டு வேலை: ஒன்று, தொட்டி அசையாமல் நிற்க நடுவில் துணியை அலைக்கும் அஜிடேட்டர் மட்டும் முன்னும் பின்னும் திரும்ப வேண்டும், இன்னொன்று, அஜிடேட்டரும் தொட்டியும் சேர்ந்து வேகமாகச் சுற்றித் தண்ணீரைப் பிழிய வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற அந்தக் காலத்து மற்ற பல மெஷின்களில் காந்தச் சுருள், நெம்புகோல், கிளட்ச் என்று ஏகப்பட்ட சாமான் இருக்கும். மேடேக்கில் அதெல்லாம் கிடையாது. மோட்டார் ஒரு திசையில் சுற்றினால் துவைக்கும், எதிர்த்திசையில் சுற்றினால் பிழியும், அவ்வளவுதான். அடியில் பெல்ட் ஓடும் பெரிய புல்லியின் நடுவில் சுருள் வடிவச் சரிவு ஒன்று இருக்கிறது. மோட்டார் பிழியும் திசைக்கு மாறியதும் போல்ட்டில் நட் ஏறுவது போல புல்லி அந்தச் சரிவில் கொஞ்சம் மேலே ஏறி, பிரேக்கைப் பிடித்திருக்கும் கனமான ஸ்பிரிங்கை அழுத்துகிறது. பிரேக் விடுபட்டதும் டிரான்ஸ்மிஷனும் தொட்டியும் ஒரே கட்டியாகச் சுழல ஆரம்பிக்கின்றன. மூடியைத் திறந்தால் மோட்டார் நிற்கும், ஸ்பிரிங் புல்லியைக் கீழே தள்ளும், பிரேக் பிடிக்கும், ஈரத்துணியோடு வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்த தொட்டி சில நொடிகளில் நின்றுவிடும். முன்பலகையைக் கழற்றி வைத்துவிட்டு, கையை நன்றாகத் தள்ளி வைத்துக்கொண்டு, ஒரு முறை இதைக் கண்ணால் பாருங்கள். புல்லி ஏறும்போது டக் என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும், அதற்கப்புறம்தான் தொட்டி நகரும். இதை யோசித்துச் செய்தவர்கள் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை.

எடுக்கும் முன் என்ன பார்க்க வேண்டும்? முன்பலகையின் கீழே இரண்டு ஸ்குரூ, கழற்றினால் பலகை கையோடு வந்துவிடும், மொத்த இயந்திரமும் கண்முன்னே. டார்ச் அடித்து அடித்தட்டைப் பாருங்கள். நடுத்தண்டுக்கு நேர் கீழே துரு நிறத்தில் கோடு கோடாகத் தண்ணீர் வடிந்த தடம் இருந்தால் தொட்டியின் நடு சீல் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போயிருக்கிறது என்று அர்த்தம். அது பயப்பட வேண்டிய விஷயம் இல்லை, மாற்றிவிடலாம். ஆனால் பெல்ட்டும் புல்லியும் கருப்பாகப் பிசுபிசுவென்று எண்ணெயில் நனைந்திருந்தால் டிரான்ஸ்மிஷனின் கீழ் சீல் ஒழுகுகிறது. முதல் முறை இந்த வேலையில் இறங்குபவர் அதைத் தொடாமல் வேறு மெஷினைத் தேடுவது நல்லது. அடுத்து மூடியைத் திறந்து உள்தொட்டியின் விளிம்பையும் வெளித்தொட்டியின் அடியையும் விரலால் தடவிப் பாருங்கள். எனாமலில் அங்கங்கே சின்னச் சில்லு பெயர்ந்திருந்தால் பரவாயில்லை. துரு பொருக்குப் பொருக்காக எழும்பி, நகத்தால் குத்தினால் உள்ளே போகிறது என்றால் விட்டுவிடுங்கள். கடைசியாக அஜிடேட்டரைக் கையால் பிடித்து இரண்டு பக்கமும் ஆட்டிப் பாருங்கள், தண்டிலேயே லொடலொடவென்று ஆட்டம் இருந்தால் பேரிங்கும் தேய்ந்திருக்கும்.

மின்சாரம் பற்றி ஒன்று, இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த மெஷின்கள் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்யப்பட்டவை. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் உள்ள நாட்டில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. 50 ஹெர்ட்ஸில் மோட்டார் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும், கூடவே அதிகமாகச் சூடாகும். டைமரும் மெதுவாகும், 10 நிமிடத் துவைப்பு 12 நிமிடம் இழுக்கும். அதனால் அப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர்கள் தங்கள் நாட்டு மின்சாரத்துக்கே செய்யப்பட்ட ஒரு பழைய மெஷினைத் தேடுவது புத்திசாலித்தனம். சரி செய்யும் முறையில் பெரும்பகுதி எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

எந்த ஊராக இருந்தாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். மின்கம்பி விறைத்து வெடித்திருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள், மூன்று கம்பி உள்ளதாக. எர்த் கம்பி இரும்பு உடம்போடு சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். தண்ணீரும் இரும்பும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் சாமான் இது, எர்த் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது.

இப்போது பிரிக்கும் வேலை. முதல் தடை அஜிடேட்டர். வருடக்கணக்கில் சோப்பும் பஞ்சும் அதன் அடியில் சேர்ந்து சாம்பல் நிறத்தில் கல்லாகியிருக்கும், தண்டோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு அசையவே அசையாது. அடியில் பூட்டுத் திருகு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தொட்டியில் நல்ல சூடான தண்ணீரை விட்டு ஊற வையுங்கள். அப்புறம் அகலமான நாடாவை அடிவிளிம்பில் சுற்றி, இரண்டு கையாலும் நேராக மேலே இழுக்க வேண்டும். கம்பியை விட்டு நெம்பினால் அஜிடேட்டரின் விளிம்பு உடையும்.

அடுத்தது உள்தொட்டியைப் பிடித்திருக்கும் பெரிய நட். இதற்கென்று தனி ஸ்பேனர் இருக்கிறது, கனமான வார்ப்பிரும்பில், சுத்தியலால் அடிப்பதற்காகவே செய்தது. அது இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். கடையில் வாங்க முடியாவிட்டால் ரிப்பேர் செய்பவர் யாரிடமாவது இரவல் வாங்குங்கள். முக்கியமானது, இந்த நட் இடது மரை. கடிகார முள் திசையில் சுற்றினால்தான் கழலும். வழக்கமான பழக்கத்தில் எதிர்ப்பக்கம் அடித்தால் இன்னும் இறுகும். துருவுக்கான எண்ணெயை முந்தின நாளே விட்டு வைத்தால் மறுநாள் சுத்தியலின் சில அடிகளில் விட்டுக்கொடுக்கும்.

நட்டும் உள்தொட்டியும் வெளியே வந்தபின் நடுவில் தெரிவதுதான் மொத்த வேலையின் உயிர்நாடி: தண்டின் மேல் உட்கார்ந்து உள்தொட்டியைத் தாங்கும் ஸ்டெம் என்ற பாகம், அதைச் சுற்றி ரப்பர் சீல், அதற்குக் கீழே பேரிங். சீல் ஒழுகினால் தண்ணீர் நேராகப் பேரிங்கில் இறங்கும், பேரிங் துருப்பிடித்தால் பிழியும்போது காது கிழியும் சத்தம் வரும். என்னுடையதில் பழைய ரப்பரை எடுத்து வளைத்துப் பார்த்தேன், வளையவில்லை, மடித்த இடத்தில் வெடித்தது. சீல் கிட்டில் ஸ்டெம்மும் சேர்ந்தே வருமாறு பார்த்து வாங்குங்கள், ஏனென்றால் பழைய ஸ்டெம்மின் முகத்தில் சின்னக் குழிகள் இருந்தால் புது ரப்பர் போட்டாலும் சீக்கிரமே ஒழுகத் தொடங்கும்.

இங்கே கிட்டின் தரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்கு முதலில் வந்த கிட்டில் சீல் உட்காரும் முகம் ஒரு பக்கம் சில்லு பெயர்ந்திருந்தது, ரப்பரின் உதட்டிலும் வார்ப்பின் பிசிறு அப்படியே இருந்தது. திருப்பி அனுப்பினேன். மாற்றாக வந்தது அதே கடையின் விலை கூடின வகை, கனமான ரப்பர், கண்ணாடி மாதிரி வழவழப்பான முகம். இரண்டையும் கையில் பிடித்துப் பார்த்தவர் யாரும் குறைந்த விலையைப் பார்த்துப் போக மாட்டார். முழு மெஷினையும் பிரித்துத்தான் இந்த ஒரு சாமானை மாற்ற முடியும், ஆகையால் காசு மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் நிச்சயமாக இது இல்லை. மாட்டும் முன் ஸ்டெம் உட்காரும் தண்டை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துப் பளபளவென்று ஆக்குங்கள், சீலின் முகத்தில் விரல் படாமல் பிடியுங்கள், எண்ணெயோ கிரீஸோ அந்த முகத்தில் படக் கூடாது.

பிழியும்போது மெஷின் இடத்தை விட்டு நடக்கிறது என்பார்கள், அதற்குக் காரணம் பெரும்பாலும் ஆட்டத்தை அடக்கும் டேம்பர் பேடுதான். தொட்டியும் டிரான்ஸ்மிஷனும் சேர்ந்த மொத்த பாரமும் அடித்தட்டில் இருக்கும் வளைந்த பரப்பின் மேல் சின்னச் சின்னப் பேடுகளில் உட்கார்ந்திருக்கிறது, ஸ்பிரிங்குகள் அதை நடுவில் இழுத்துப் பிடித்திருக்கின்றன. பேடு தேய்ந்தால் ஆட்டம் அடங்காது, பேடு காய்ந்தால் கீச்சிடும். ஸ்பிரிங்கைக் கழற்றி, தொட்டியைத் தூக்கிக் கட்டையை முட்டுக் கொடுத்து, பழைய பேடைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதை அதற்கான பசையால் ஒட்ட வேண்டும். பசை நன்றாகக் காய்ந்த பிறகு சிலிகான் கிரீஸ் தடவுங்கள், சாதாரண கிரீஸ் வேண்டாம். தூக்கும் வேலைக்கு மட்டும் இன்னொருவர் கூட இருக்கட்டும், பாரம் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

பெல்ட் இரண்டு, ஒன்று டிரைவுக்கு, ஒன்று பம்புக்கு. மோட்டார் ஒரு நகரும் தட்டில் ஸ்பிரிங் இழுவையில் உட்கார்ந்திருக்கிறது. பிழியத் தொடங்கும்போது பாரம் கூடினால் மோட்டார் கொஞ்சம் நகர்ந்து, பெல்ட் அளவாக வழுக்கி, தொட்டி மெதுவாக வேகம் பிடிக்கும். அந்த வழுக்கல் வேண்டுமென்றே வைத்தது. அதனால்தான் கார் பெல்ட்டை அளவு பார்த்து மாட்டுவது தப்பு, அது கவ்விப் பிடிக்கும், மோட்டார் திணறும். மேடேக்குக்கென்று வரும் பெல்ட்டையே போடுங்கள். பம்ப் பெல்ட் கொஞ்சம் தளர்வாகத்தான் இருக்க வேண்டும், இழுத்துக் கட்டினால் பம்பின் பேரிங் சீக்கிரம் போகும். தட்டு நகரும் சக்கரங்களில் துரு இருந்தால் துடைத்துவிட்டு அங்கேயும் கொஞ்சம் கிரீஸ்.

பிரேக்கைக் கழற்றாதீர்கள். அதன் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் மிகப் பலமாக அழுந்திய நிலையில் இருக்கிறது, அதற்கான கருவி இல்லாமல் திறந்தால் ஆளை அடித்துவிடும். நிற்கும்போது உறுமுகிற பிரேக்குக்குப் பெரும்பாலும் சில சொட்டு எண்ணெய் போதும். பழைய உராய்வுப் பட்டைகளில் கல்நார் இருக்க வாய்ப்புண்டு, எனவே அங்கே படிந்த தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

மேலே உள்ள சாமான்களில் எனக்குப் பெரிய வேலை இல்லை. டைமர் முழுக்க இயந்திர வகை, பல்சக்கரமும் தொடு தகடுகளும், நன்றாகவே ஓடியது. தண்ணீர் வரும் வால்வின் வாயில் இருக்கும் வலையில் மண் அடைத்திருந்தது, தண்ணீர் நூல் மாதிரி வந்ததற்கு அதுதான் காரணம். ஒரே ஒரு எச்சரிக்கை, தண்ணீர் மட்டத்தை உணரும் சுவிட்சுக்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாய். அதில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் காற்றழுத்தம் நிற்காது, தொட்டி நிரம்பியது மெஷினுக்குத் தெரியாது, தண்ணீர் வழிந்து தரையெல்லாம் ஓடும். கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் குழாயைப் புதிதாகப் போட்டுவிடுங்கள், காசு ஒன்றும் பெரிதில்லை.

பெயின்ட் வேலையை எல்லோரும் முதலில் செய்கிறார்கள், நான் கடைசியில் வைத்தேன். ஓடாத மெஷினுக்கு மேக்கப் எதற்கு. மூடியும் மேல்தட்டும் எனாமல், சூளையில் சுட்டது, அதைத் தேய்க்காதீர்கள். நல்ல சோப்பும் மென்மையான துணியும் போதும், அடியில் இருக்கும் பளபளப்பு தானே வெளிவரும். பக்கத் தகடுகள்தான் பெயின்ட். கீழ் விளிம்பில் துருவைச் சுரண்டி, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி தடவி, எபாக்ஸி பெயின்டை மெல்லிய பூச்சாகப் பல முறை அடித்தால் போதும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் காய்ந்த நிலையில் உப்புத்தாள் போடாமல், ஈரம் வைத்துத் தேய்த்து, முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, துவைப்பு எப்படி? அருமை. கழுத்துப்பட்டை அழுக்கு, சமையலறைத் துண்டு, கனமான படுக்கை விரிப்பு எல்லாம் ஆழமான தண்ணீரில் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே என்று உருண்டு வருகிறது. ஒரு காலுறையைப் போட மறந்திருந்தால் இடையில் மூடியைத் திறந்து போட்டுவிட்டு மூடலாம். துவைப்பு நேரமும் குறைவு, இன்றைய பல முன்கதவு மெஷின்கள் ஒரு சுற்றை முடிப்பதற்குள் இதில் இரண்டு முறை முடித்துவிடலாம். அலசல் எனக்கு மிகவும் பிடித்தது. தொட்டி நிறையத் தண்ணீரில் அலசுவதால் துணியில் சோப்பு தங்குவதில்லை, தோல் அரிப்பு உள்ளவர்கள் வீட்டில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

குறையையும் சொல்ல வேண்டும். முழு நிரப்பில் துவைக்கவும் அலசவும் சேர்த்து ஒரு லோடுக்கு 150 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் போகிறது. இது நியாயமான குறை, சமாதானம் சொல்ல முடியாது. தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள வீட்டுக்கு இந்த மெஷின் வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். நீர்மட்டத்தைக் குறைத்து வைக்கலாம், அலசிய தண்ணீரை வாளியில் பிடித்து வைக்கலாம், இருந்தாலும் அடிப்படைக் கணக்கு பெரிதாக மாறாது. வெந்நீரில் துவைப்பவர்களுக்கு அந்தச் செலவும் கூடும். பிழிதல் நிமிடத்துக்கு 600 சுற்றுச் சொச்சம்தான், 1,200 சுற்று மெஷினிலிருந்து வருபவர்களுக்குத் துணி ஈரமாகத் தோன்றும், வெயிலில் காயப் போடுபவருக்கு அது பிரச்சினையே இல்லை. இன்னொன்று, தண்ணீரை இறைப்பதும் சுற்றுவதும் ஒரே நேரத்தில் நடக்கும், வடிகுழாய் அடைத்திருந்தால் தண்ணீரோடு சேர்த்துத் தொட்டியைச் சுற்ற மோட்டார் பாடுபடும். வடிகுழாய் எப்போதும் சுத்தமாக இருக்கட்டும்.

இதைப் புது மெஷினோடு ஒப்பிட்டுக் கேட்பவர்களுக்கு என் பதில் இது. இன்றைய பல முன்கதவு மெஷின்களில் வெளித்தொட்டியின் இரண்டு பாதிகளையும் உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். உள்ளே பேரிங் போனால் பேரிங்கை மட்டும் மாற்ற வழியில்லை, தொட்டி முழுவதையும் வாங்க வேண்டும், அந்த விலைக்குப் புது மெஷினே வாங்கிவிடலாம் என்று ரிப்பேர் செய்ய வருபவரே சொல்லிவிட்டுப் போவார். தண்ணீர் சிக்கனத்தில் அவை எவ்வளவோ மேல், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு ரப்பர் வளையத்துக்காக ஒரு மெஷினையே தூக்கிப் போடுவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. இந்த மேடேக்கில் நான் தொட்ட ஒவ்வொரு சாமானும் திருகினால் கழன்றது, கழற்றியதைத் திரும்ப மாட்ட முடிந்தது, பொறுமையும் சரியான ஸ்பேனரும் இருந்தால் போதுமாக இருந்தது.

எடுத்துச் சரி செய்ய முடிவு பண்ணிவிட்டவர்களுக்குக் கடைசியாக: முதல் சில லோடுகளை முன்பலகையை மாட்டாமலே ஓட்டுங்கள், குழந்தைகள் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொண்டு. முதலில் துணியே இல்லாமல் வெறும் தண்ணீர், அப்புறம் பாதி லோடு, அப்புறம்தான் முழு லோடு. அடித்தட்டில் நடுத்தண்டுக்கு நேர் கீழே ஒரு செய்தித்தாளை விரித்து வையுங்கள், சீல் சரியாக உட்கார்ந்திருந்தால் தாள் காய்ந்தே இருக்கும். ஒரு சொட்டு ஈரம் தெரிந்தாலும் அப்படியே ஓட்டிக்கொண்டிருக்காமல் நிறுத்தி, ஸ்டெம்மின் போல்ட்டை மறுபடி பாருங்கள், புது பேரிங்கில் தண்ணீர் இறங்க அதிக நாள் ஆகாது.